படகு மோட்டார் வயரிங்: கார், பைக் பழக்கத்தைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள்

வேலூர்க்காரனுக்குப் படகு மோட்டாரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். கடல் இங்கிருந்து சென்னை வரை போனால்தான், 140 கிலோமீட்டர் தூரம். ஆனால் 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு, எனக்குத் தெரிந்த ஏரிக்கரை ஊர்க்காரர்கள் சிலர் பணம் போட்டு, காசிமேட்டுப் பக்கம் போய் ஒரு பழைய ஃபைபர் படகும், படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரும் வாங்கி வந்தார்கள். வருஷத்தில் பெரும்பகுதி அது கொட்டகையில் கிடக்கும், ஐப்பசி பிறந்தால்தான் ஞாபகம் வரும், அப்போது பார்த்து ஸ்டார்ட் ஆகாது. படகு மெக்கானிக் இந்தப் பக்கம் கிடைப்பது கஷ்டம், அதனால் காட்பாடியில் கார், பைக் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிற என்னிடம் வந்தது.

அவுட்போர்டில் வயர் குறைவு. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் என்று எதுவும் கிடையாது, நல்ல மெக்கானிக் ஒருவர் அரை நாளில் முழுசாகப் புரிந்துகொள்ளலாம். கெடுப்பது என்னவென்றால், வண்டியில் கைபழகிய சில விஷயங்களை அப்படியே இங்கேயும் செய்வதுதான். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் வெள்ளத்தில் கூரைமேல் ஆள் நிற்கும்போது சிடிஐ (பொறி வரவைக்கிற எலக்ட்ரானிக் பெட்டி) புகைந்துபோன மோட்டாரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் மோட்டாரை மனதில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்கிற பக்கம் ஒன்று, பேட்டரிப் பக்கம் இன்னொன்று. நம்மூரில் புழங்குகிற சின்ன டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களில் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மேலே சுற்றுகிற ஃப்ளைவீலில் காந்தம் இருக்கிறது, அதன் அடியில் கரண்ட் உண்டாக்கும் சார்ஜ் காயில், பொறி வரவேண்டிய நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில், அங்கிருந்து சிடிஐ, அப்புறம் இக்னிஷன் காயில், பிளக். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆக வேண்டும். அப்படியானால் "பேட்டரி டவுன், அதான் பிளக்குல கரண்ட் வரல" என்று யாராவது சொன்னால் அந்த மாதிரி மோட்டாருக்கு அது பொருந்தாது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் வேறு கதை, அதில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டரி வேண்டும்.

இப்போது ஸ்டாப் வயர். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். காரில் சாவியை அணைத்தால் இக்னிஷனுக்குப் போகும் கரண்ட் அறுபடுகிறது. இதில் தலைகீழ். சாவியை அணைத்தாலும், டிரைவர் இடுப்பில் மாட்டுகிற சிவப்புக் கயிற்றின் கிளிப் கழன்றாலும், ஸ்டாப் வயர் எர்த்தோடு சேர்கிறது, சிடிஐ பொறி தருவதை நிறுத்துகிறது. பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை, அதுவும் எர்த் பண்ணித்தான் நிற்கும். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஸ்டாப் வயர் எங்காவது உரசித் தோல் போய் இஞ்சின் பிளாக்கில் தொட்டால், எல்லாம் நன்றாக இருந்தும் மோட்டார் ஸ்டார்ட் ஆகாது. வயர் அறுந்துவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் சாவியை அணைத்தாலும் நிற்காது.

யமஹாவில் ஸ்டாப் வயர் வெள்ளை, மெர்குரியில் கறுப்பில் மஞ்சள் கோடு. யமஹாவில் சிவப்பு பேட்டரி பாசிட்டிவ், கறுப்பு எர்த், மஞ்சள் சாவி போட்டால் 12 வோல்ட் வருவது, பழுப்பு ஸ்டார்டர் ரிலேவுக்கு. இந்த நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பைக் நிறத்தை வைத்து ஊகம் செய்யவே கூடாது. தயவுசெய்து ஸ்டாப் வயரில் 12 வோல்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். "இக்னிஷன்ல சப்ளை வரல, டைரக்டா குடுத்துப் பாப்போம்" என்று பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்துத் தொட்டால் சிடிஐ அந்த நிமிஷமே போய்விடும். விலையும் அதிகம், இங்கே கிடைக்கவும் கிடைக்காது.

காவேரிப்பாக்கம் பக்கத்து அண்ணன் ஒருவர் கொண்டுவந்த மோட்டார் இப்படித்தான்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"பெட்ரோல் வருதுபா, செல்ஃப் சுத்துது, பொறி மட்டும் சுத்தமா இல்ல. சிடிஐ போச்சுன்றாங்க."

இப்படி யார் வந்தாலும் முதலில் கிளிப்பைப் பார்ப்பேன், அது மாட்டியிருந்தது. அடுத்து, ரிமோட் பெட்டியிலிருந்து (டிரைவர் பக்கத்தில் கியர் லீவர் இருக்கிற பெட்டி) மோட்டாருக்கு வருகிற வட்டமான பெரிய பிளக்கைக் கழற்றினேன். அதைக் கழற்றிவிட்டால் படகுப் பக்க வயரிங் மொத்தமும் விலகிவிடும், ஸ்டாப் வயரும் திறந்துவிடும். மூடியை எடுத்து ஃப்ளைவீலில் அவசரக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் பொறி நீலமாக வந்தது. அப்படியென்றால் சிடிஐ நன்றாக இருக்கிறது, கோளாறு அந்த வட்டப் பிளக்குக்குப் படகுப் பக்கம். மல்டிமீட்டரை பஸரில் வைத்து, கிளிப் மாட்டி, சாவி ஆனில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே பார்த்தால் சத்தம் வரக்கூடாது, வந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், ரிமோட் பெட்டிக்குள் லீவர் திரும்பும் இடத்தில் வெள்ளை வயரின் தோல் உரிந்து, உள்ளே செம்பு பளபளவென்று தகட்டில் தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்லீவ், ஒரு டை, வேலை முடிந்தது.

இந்தச் சோதனை செய்கிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்: அந்த வட்டப் பிளக்கைக் கழற்றியபடி மோட்டார் ஓட ஆரம்பித்தால் சாவியால் நிறுத்த முடியாது. சோக்கை இழுத்து மூச்சடைக்க வையுங்கள், அல்லது மோட்டார் பக்க ஸ்டாப் வயரை எர்த்தில் தொடுங்கள். தரையில் வைத்து ஓட்டும்போது கியர் உறைக்கு மேலே உள்ள தட்டு மூழ்கும் அளவு டிரம்மில் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில விநாடிகளில் கருகிவிடும். பொறி பார்க்கும்போது பெட்ரோல் கேன் பக்கத்தில் இருக்கவே கூடாது, படகின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கும்.

அடுத்தது எர்த். காரில் நெகட்டிவைப் பாடியில் எங்கே போல்ட் போட்டாலும் வேலை செய்யும். ஃபைபர் படகில் பாடி என்பது பிளாஸ்டிக், கரண்ட் போகாது. லைட்டோ, படகுக்குள் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்போ, எதுவானாலும் நெகட்டிவ் வயர் பேட்டரி வரை திரும்பி வரவேண்டும். அலுமினியப் படகில் பாடி கரண்டைக் கடத்தும், ஆனாலும் அதை எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது, தண்ணீரில் அந்த அலுமினியத்தை அரித்துவிடும்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள், கியரில் இருந்தால் நியூட்ரல் ஸ்விட்ச் விடாது. அப்புறம் ஃபியூஸ். அதற்குப் பிறகுதான் பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம்: டெஸ்ட் லேம்ப் போட்டால் ஸ்டார்டர் முனையில் பளிச்சென்று எரிகிறது, மோட்டாரோ "டிக்" என்று ஒரு சத்தத்தோடு நிற்கிறது, உடனே ஸ்டார்டரைக் கழற்றிவிடுகிறார்கள். லேம்ப் இழுப்பது ஒரு ஆம்பியர்கூட இருக்காது, ஸ்டார்டர் நூறு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கேபிள் முனையில் களிம்பு ஏறி 0.01 ஓம் தடை இருந்தால் லேம்புக்கு அது தெரியவே தெரியாது, நூறு ஆம்பியரில் அதே இடத்தில் 1 வோல்ட் காணாமல் போகும். இப்படி நாலு ஜாயின்ட் இருந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

அதனால் சும்மா இருக்கும்போது வோல்ட் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வரும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பேட்டரி முனையிலேயே 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பேட்டரி தாங்குகிறது, ஆனால் ஸ்டார்டர் திணறுகிறது என்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை ஸ்டார்டர் போல்ட்டிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தின்கிறது. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே பாருங்கள், நெகட்டிவ் பக்கத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கடல்பக்கத்திலிருந்து வந்த மோட்டாரில் இந்தக் களிம்பு தோலுக்கு உள்ளேயே போயிருக்கும். வெளியே வயர் புதுசு மாதிரி இருக்கும், கேபிள் முனையில் உள்ள லக்கை வெட்டிவிட்டு ஒரு விரல் நீளம் தோலை உரித்தால் செம்பு இழைகள் கறுத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதால் பிரயோஜனம் இல்லை. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், வராவிட்டால் கேபிளையே மாற்ற வேண்டும். வெள்ளீயம் பூசிய மரைன் வயர் கிடைத்தால் நல்லது. லக்கை வெறும் சால்டரில் ஒட்டாமல் சரியான கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கிப் போடுங்கள். இன்சுலேஷன் டேப் ஈரத்தைத் தாங்காது.

சார்ஜிங்குக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரெகுலேட்டர் உள்ள மோட்டாரில் வேகம் கொடுத்தால் 13.5-லிருந்து 14.5 வரை வரவேண்டும். மோட்டார் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழைய லாரிக்காரப் பழக்கம் இங்கே வேண்டாம், பேட்டரிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் ரெக்டிஃபையர் போய்விடும். பேட்டரியைத் தலைமாற்றிக் கொடுத்தாலும் அதேதான், ஆகவே கொட்டகை இருட்டில் மாட்டாமல் வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறம் பார்த்து மாட்டுங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம், கொட்டகையில் கிடக்கிற படகுக்கு உப்புக்கு அடுத்தபடி எலிதான் பெரிய தொந்தரவு. ஊர்ப் படகு வைத்திருப்பவர்கள் புரட்டாசியிலேயே ஒரு தடவை டிரம்மில் வைத்து ஓட்டிப் பாருங்கள், கோளாறு இருந்தால் சென்னையிலிருந்து பார்ட் வரவழைக்க நாள் இருக்கும்.