ஊட்டிக் குளிரில் இட்லி மாவு: ஆறு தடவை ஆட்டிப் பார்த்ததில்

இடம் ஊட்டி, சுமார் 2240 மீட்டர் உயரம். மாதம் ஜனவரி. ராத்திரி அடுப்படியில் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ். ஆறு தடவையும் அளவு ஒன்றுதான்: 200 மில்லி டம்ளரில் இட்லி அரிசி 3, முழு வெள்ளை உளுந்து 1, வெந்தயம் ஒரு டீஸ்பூன். கீழே சமவெளியில் 4-க்கு 1 போட்டுப் பழகியவர்களும் மலையில் 3-க்கு 1 போடலாம். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகின்றன. அதனால் உளுந்தை இரண்டு தண்ணீரில் அலசினால் போதும், ஐந்தாறு தண்ணீர் வேண்டாம்.

முதல் தடவை, மலையடிவார மேட்டுப்பாளையத்தில் செய்வதுபோலவே. குழாய்த் தண்ணீரில் ஊறல், அதே தண்ணீரில் கிரைண்டர், மேடையில் மூடி வைத்தது. 12 மணி நேரம் கழித்துத் திறந்தால் வைத்தது வைத்தபடி. 24 மணியில் மேலே சில குமிழி. 30 மணியில் புளிப்பு வாசம் வந்தது, மாவு மட்டம் ஒரு விரல்கூட ஏறவில்லை. அதில் வார்த்த இட்லி தட்டை.

இரண்டாவது தடவை, எல்லாரும் சொல்லும் கம்பளி. பாத்திரத்தை இரண்டு கம்பளியால் சுற்றி அலமாரிக்குள் வைத்தது. பலன் ஏறக்குறைய அதேதான். காரணம் தெர்மாமீட்டரை மாவில் விட்ட பிறகுதான் புரிந்தது: கிரைண்டரிலிருந்து வழித்தபோதே மாவு 17 டிகிரி. கம்பளி தானாகச் சூடு தராது, உள்ளே இருப்பதைக் காக்கும். உள்ளே இருந்தது குளிர், அதையும் பத்திரமாகக் காத்துவிட்டது.

ஆகவே மூன்றாவது தடவை மாற்றியது தண்ணீரை. உளுந்தையும் அரிசியையும் கை பொறுக்கும் வெந்நீரில் ஊறவைத்து, ஆட்டும்போது தெளிக்கும் தண்ணீரும் 40 டிகிரி அளவில். வழித்த மாவு 27 டிகிரி. அதே கம்பளிதான். காலையில் 21-க்கு இறங்கியிருந்தாலும் 16 மணி நேரத்தில் பாதியளவு பொங்கியது. இட்லி சாப்பிடும்படி இருந்தது, மெத்தென்று சொல்ல முடியாது. (சமவெளியில் ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டச் சொல்வது கல் சூடேறி மாவு கெடாமலிருக்க. இங்கே அந்த யோசனையே வேண்டாம்.)

நான்காவது தடவை ஆசை அதிகமாகிவிட்டது. மீன் கடையில் வாங்கிய மூடியுள்ள தெர்மாகோல் பெட்டிக்குள் மாவுப் பாத்திரம், அதை ஒட்டியே கொதிநீர் நிரப்பிய எவர்சில்வர் பாட்டில் இரண்டு. காலையில் பாத்திரத்தின் விளிம்பை ஒட்டி மாவு வெந்து கஞ்சிப் பாலாடைபோல் தடித்திருந்தது. உள்ளே நெடி, நடுவில் பொங்கல் குறைவு. 45 டிகிரியைத் தாண்டினால் பொங்க வைக்கும் உயிர்கள் சோர்ந்துபோகும். சூடு அதிகமாகிக் கெட்ட மாவைத் திருத்த வழியில்லை. குளிரில் நின்ற மாவுக்காவது பிறகு சூடு காட்டலாம்.

ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. 27 டிகிரி மாவு, அதே பெட்டி, ஒரே பாட்டில். தண்ணீர் கொதிநீரல்ல, சுமார் 70 டிகிரி. பாட்டிலைத் துண்டால் சுற்றி, பாத்திரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்க வைத்தது. மாலை 7 மணிக்கு ஒரு பாட்டில், படுக்கப் போகும் முன் 11 மணிக்கு மாற்றி ஒன்று. மாவு இரவெல்லாம் 29-31 டிகிரியில் நின்றது. காலை 5 மணிக்கு மேலே வந்து இரட்டிப்பு. கரண்டியால் ஓரத்தைத் தூக்கினால் உள்ளே தேன்கூடு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு நிரப்ப வேண்டாம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதே அளவு வாயு கூடுதல் இடம் பிடிக்கும், பெட்டிக்குள் வழிந்தால் கழுவி மாளாது.

ஆறாவது, பாட்டில் மாற்ற விழித்திருக்க முடியாதவர்களுக்காக: ஓவனுக்குள் மாவை வைத்து உள்விளக்கை மட்டும் எரிய விடுவது. பழைய குண்டு பல்பு 15 வாட் இருந்தால் போதும், 10 மணி நேரத்தில் வேலை முடிந்தது. எல்ஈடி பல்பில் அந்தச் சூடு வராது. மின்சாரம் போய்விட்டால் பொங்குவதும் நின்றுவிடும். மழைக்காலத்தில் பெட்டியையே நம்பலாம்.

உப்பு பற்றி: உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும். பாதி உப்பை மட்டும் முதலில் போட்டு, மீதியைக் காலையில் சேர்த்துப் பொங்கல் அமுங்காமல் இரண்டு சுற்று கலக்கினால் போதும். முந்தைய நல்ல மாவில் ஒரு கரண்டி சேர்த்தால் பலன் உண்டு. தயிர் புளிப்பைத் தரும், பொங்கலைத் தராது. ஈஸ்ட் போட்டால் பன் வாசம். சோடா உப்பு கூடினால் மஞ்சள் நிறமும் சோப்பு ருசியும்.

மாவு பொங்கிய பிறகும் ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. அது குளிரால் வருவதல்ல, உயரத்தால். ஊட்டியில் தண்ணீர் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆவியும் அந்தச் சூடுதான். கீழே 10 நிமிடத்தில் எடுக்கும் ஈடு இங்கே 10 நிமிடத்தில் மேலே வெந்ததுபோல் தெரியும், பிட்டால் நடுவில் பிசுபிசுக்கும். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை வைக்க வேண்டும். அதிலிருந்து 14-15 நிமிடம், நடுவே மூடியைத் திறக்காமல். நனைத்த விரலால் நடுக்குழியைத் தொட்டால் ஒட்டக்கூடாது. இறக்கி இரண்டு நிமிடம் விட்டு, ஈரக் கரண்டியால் எடுக்க வேண்டும். குன்னூரில் ஒரு நிமிடம் குறைவாகவே போதும். கொடைக்கானலுக்கு ஊட்டிக் கணக்கே பொருந்தும்.

தோசைக்கு இந்தக் கவலையே இல்லை. கல்லின் சூட்டுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆகவே அரைகுறையாகப் பொங்கிய மாவைக் கொட்ட வேண்டாம், தோசையாக ஊற்றிவிடலாம்.

பருப்புக்கும் இதே உயரம்தான் எதிரி. குக்கர் வெயிட் வெளிக்காற்றுக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தைக் கூட்டுகிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே கீழே இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் உள்ளே 116 டிகிரிதான் கிடைக்கும், கீழே 120. துவரம்பருப்புக்கு மூன்று விசில் என்பது ஐந்தாகும். விசிலை எண்ணுவதைவிட, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10-12 நிமிடம் வைப்பது உறுதியான வழி. காய்ந்த ராஜ்மாவை மட்டும் இங்கே திறந்த பாத்திரத்தில் வேகவிடவே கூடாது. அதிலுள்ள நச்சு முறிய நல்ல கொதி வேண்டும், 92 டிகிரியை நம்ப முடியாது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில்தான். பச்சையாகக் கிடைக்கும் பட்டர் பீன்ஸுக்கு ஊறல் வேண்டாம், இரண்டு மூன்று விசில் போதும், கூடினால் தோல் உரிந்து குழைந்துவிடும்.

மாவு பொங்கி முடிந்ததும் பெட்டியிலிருந்து உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். 12 டிகிரி அடுப்படி மேடையில் அது சட்டென்று புளித்துவிடாமல் நிற்கும். அந்த ஒரு விஷயத்தில் இந்தக் குளிர் ஃப்ரிட்ஜ் வேலையைச் செய்துவிடுகிறது.