ஆறாம் நம்பர் பிட்ச்

டப்ளினுக்கு வடக்கே ரஷ், ஸ்கெரீஸ், பால்பிரிகன் என்று கடலோரமாக ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் விளைகிற பூமி. அந்தப் பகுதிக்கு ஃபிங்கல் என்று பெயர். அங்கே ஒரு கிராமத்து கிரிக்கெட் கிளப்பில் கிரவுண்ட்ஸ்மேனுக்கு, அதாவது மைதானத்தைப் பராமரிப்பவருக்கு, உதவியாளாக ஒன்பது சீசன் வேலை பார்த்தேன். மனைவிக்கு டப்ளினில் நர்ஸ் வேலை கிடைத்ததால் அயர்லாந்து வந்தவன் நான். வந்த புதிதில் எனக்கு வேலை இல்லை. ஒருநாள் மாலை நடந்துபோகும்போது ஒரு வயதானவர் தனியாக, பிட்சை மூடும் மழைக் கவரை இழுத்துக்கொண்டிருந்தார். காற்று அதை அவர் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. வேலி தாண்டிப் போய் மறுமுனையைப் பிடித்தேன். அடுத்த வாரத்திலிருந்து அதுவே என் வேலை.

அதுவரை அயர்லாந்து கிரிக்கெட் என்றால் எனக்கு ஒரே ஒரு ராத்திரிதான் ஞாபகம். 2011 மார்ச் 2, பெங்களூரு. இங்கிலாந்து 327 ரன் குவித்துவிட்டது. அயர்லாந்து 111க்கு 5 விக்கெட். டிவியை அணைக்கப் போன நேரத்தில், தலைமுடிக்குப் பிங்க் சாயம் அடித்திருந்த கெவின் ஓ'பிரையன் அடிக்க ஆரம்பித்தார். 50 பந்தில் சதம். உலகக் கோப்பையில் அன்றைக்கு அதுதான் அதிவேக சதம். மூன்று விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். இவர்கள் எங்கே ஆடிப் பழகினார்கள் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்த மாதிரி மைதானங்களில்தான் என்று.

மைதானத்தின் நடுவில் பன்னிரண்டு பிட்ச்கள் பக்கம் பக்கமாக இருக்கும். மொத்தத்தையும் சேர்த்து ஸ்கொயர் என்பார்கள். மார்ச்சில் ரோலர் ஓட்டத் தொடங்குவோம். குளிர்காலம் முழுக்க நனைந்து பொதபொதவென்று இருக்கும் களிமண்ணை அமுக்கி அமுக்கி இறுக்க வேண்டும். மண் அதிக ஈரமாக இருக்கும்போது ரோலர் ஏற்றினால் மேலே மட்டும் ஓடுபோல இறுகி, உள்ளே குழைந்தே கிடக்கும். அதிகம் காய்ந்துவிட்டால் ரோலர் சும்மா மேலே உருளும், பயனில்லை. கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்து, இன்றைக்கு ஓட்டலாம், இன்றைக்கு வேண்டாம் என்று பெரியவர் சொல்வார். அந்தக் கட்டைவிரல் கணக்கு எனக்குப் பிடிபட மூன்று சீசன் ஆனது.

அவரைப் பெரியவர் என்று இங்கே எழுதுகிறேன். அங்கே எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எட்டு வயதுப் பையன்கூட. எனக்கு ஒரு வருஷம் வரைக்கும் அதற்கு வாய் வரவில்லை.

ஒரு மேட்சுக்குப் பிட்ச் தயாராகப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். தண்ணீர் விடுவது, புல்லைப் படிப்படியாக ஒட்ட வெட்டுவது, வாரிவிடுவது, ரோலர், மறுபடி ரோலர். ஆட்டம் முடிந்ததும் பந்து வீசியவர்கள் கால் பதித்துத் தோண்டிய குழிகளில் களிமண் இட்டு, இடித்து, புல் விதை போட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மழை. அயர்லாந்து மழை நம் ஊர்போல இடித்துப் பெய்துவிட்டு விடாது. தூறும், நிற்கும், வெயில் அடிக்கும், மறுபடி தூறும். ஒரே நாளில் ஐந்து முறை கவரை இழுத்துப் போட்டு எடுத்திருக்கிறோம்.

அந்த ஸ்கொயரில் ஆடாதவர்கள் கிடையாது. சனிக்கிழமை ஆண்கள் முதல் அணி. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அணி. வார நாள் மாலைகளில் பிள்ளைகள். ஜூன் மாதம் இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து அப்பா அம்மாக்கள் வந்து, சாவகாசமாக ஆட்டம் தொடங்கி, எட்டரை மணிக்கும் நல்ல வெளிச்சத்தில் ஒரு பத்து வயதுப் பையன் கேட்ச் விட்டுவிட்டு அழுதுகொண்டிருப்பான். அதே வாரம் தேசிய அணியில் ஆடிவிட்டு வந்த ஒருவர் எதிரணிக்கு ஆட வந்து, எங்கள் சிக்குப்பிடித்த சைட் ஸ்கிரீனை நகர்த்த அவரே கை கொடுப்பார். மேலிருந்து கீழ்வரை அவ்வளவுதான் தூரம். ரஷ் கிளப் மைதானத்தில் ஆடி வளர்ந்த ஓயின் மோர்கன்தான் 2019இல் இங்கிலாந்துக்குத் தலைவராக உலகக் கோப்பையைத் தூக்கினார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதில் பெருமையும் உண்டு, நம் பையன் வேறு நாட்டுக்கு ஆடினானே என்ற குறையும் உண்டு. இரண்டும் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அயர்லாந்துக்கு டெஸ்ட் ஆடும் உரிமையே 2017இல்தான் கிடைத்தது. பெரிய கிரிக்கெட் ஆட ஆசைப்பட்டவன் அதற்கு முன் வேறெங்கே போவான்?

இந்த நாட்டில் கிரிக்கெட் ஓர் ஓரத்து விளையாட்டு. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கில்கென்னி, டிப்பரெரி பக்கம் விவசாயிகளும் கூலியாட்களும்கூட ஆடியிருக்கிறார்கள். அப்புறம் நிலச்சுவான்தார்களுக்கு எதிரான நிலப் போராட்டம் வந்தது, 1884இல் அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளுக்கான கேலிக் விளையாட்டுச் சங்கம் வந்தது. அந்நிய விளையாட்டு ஆடினாலோ பார்க்கப் போனாலோ சங்கத்தில் இடமில்லை என்ற தடை 1971 வரைக்கும் இருந்தது. ஃபிங்கல் விவசாயக் குடும்பங்கள் சில, அதையும் தாண்டி இந்த மட்டையைக் கீழே போடவில்லை. பெரியவரின் அப்பா, தாத்தா, இப்போது பேத்தி என்று நான்கு தலைமுறை அதே மைதானம்.

அவருக்குப் பிடித்த கதை சயன் மில்ஸ். வடக்கே டைரோன் மாவட்டத்தில் லினன் ஆலையைச் சுற்றி உருவான சின்ன ஊர். 1969 ஜூலை 2. முந்தைய நாள்தான் லார்ட்ஸில் டெஸ்ட் முடித்துவிட்டு வந்த வெஸ்ட் இண்டீஸ் அணி, ஈரமான பச்சைப் பிட்சில் முதலில் ஆடி 25 ரன்னுக்கு ஆல் அவுட். 12 ரன்னுக்கு 9 விக்கெட் போயிருந்தது. டகி குட்வின் 6 ரன் கொடுத்து 5 விக்கெட், அலெக் ஓ'ரியோர்டன் 18 ரன்னுக்கு 4. இதைக் கேட்கிற எல்லாரும் பவுலர்களைப் பற்றிப் பேசுவார்கள். பெரியவர் மட்டும் அந்த ஊர் கிரவுண்ட்ஸ்மேனைப் பற்றிக் கேட்பார்: “அன்றைக்குக் காலையில் அவர் மண்ணைத் தொட்டுப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்திருக்கும் இல்லையா?”

2018 மே 11, வெள்ளிக்கிழமை. ஆண்கள் அணியின் முதல் டெஸ்ட், பாகிஸ்தானுக்கு எதிராக, டப்ளினுக்கு வடக்கே மாலஹைடில். நாங்கள் இரண்டு பேரும் டிக்கெட் வாங்கிப் போனோம். நாள் முழுக்க மழை, ஒரு பந்துகூட வீசவில்லை. மற்றவர்கள் கலைந்து போனார்கள். பெரியவர் கவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார், எந்தப் பக்கம் தண்ணீர் வழிகிறது, ஓரத்தில் எங்கே தேங்குகிறது என்று. மாலஹைட் அழகான மைதானம், கோட்டையை ஒட்டியது. ஆனால் அதுவும் ஒரு கிளப் மைதானம்தான். பெரிய ஆட்டம் என்றால் இரும்புக் குழாய்களில் தற்காலிக கேலரி கட்டுவார்கள், கூடாரம் போடுவார்கள், ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். கல்யாணப் பந்தல்போல. சொந்தமாக ஒரு ஸ்டேடியம் இல்லாமல் டெஸ்ட் ஆடுகிற நாடு இது. ஒவ்வொரு சர்வதேச ஆட்டமும் எவ்வளவு செலவு இழுக்கும் என்று அந்தக் குழாய்களைப் பார்த்தாலே புரியும். பணம் இல்லை என்று சொந்த மண்ணில் நடக்கவேண்டிய தொடர்களைப் பின்னாளில் ரத்து செய்தபோது எங்கள் கிளப்பில் கோபப்பட்டவர்கள் நிறைய. எனக்கு வருத்தம் மட்டும்தான். அந்த மழை நாளுக்கு அப்புறம் கெவின் ஓ'பிரையன் 118 அடித்து, கடைசி நாள் பாகிஸ்தானை 14க்கு 3 என்று தடுமாறவும் வைத்தார்கள். ஐந்து விக்கெட்டில் தோற்றாலும், தோற்ற மாதிரியே இல்லை.

அதே வருஷம் வினோதமாக மழை நின்றது. ஜூலையில் டப்ளினில் ரப்பர் குழாயில் தண்ணீர் விடத் தடை வந்துவிட்டது. புல் மஞ்சளாகி, பிட்ச் வெடித்து, பந்து திரும்ப ஆரம்பித்தது. எங்கள் கிளப்பில் கம்ப்யூட்டர் வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் வந்த இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் நிறைய. மூன்றாம் அணி, நான்காம் அணியெல்லாம் அவர்கள் வராமல் இருந்தால் நடந்தே இருக்காது. அந்த மாதம் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊருக்குப் போய் வந்த சந்தோஷம். பஞ்சாபிலிருந்து வந்து டப்ளின் கிளப்களில் ஆடிய சிமி சிங், 2021இல் மாலஹைடில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எட்டாவதாக இறங்கி நூறு அடித்தபோது, ஆட்டம் தோற்றும் எங்கள் வாட்ஸ்அப் குழு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

என் இரண்டாவது சீசன். ஜூன் மாதம், புழுக்கமான வாரம். வியாழக்கிழமை மாலை 13 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு மேட்ச், ஓரத்துப் பிட்ச் ஒன்றில். சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதும் ஓரம்தான். பவுண்டரி குட்டையாக வைப்பதால் ஓரத்தில் ஆடினாலும் போதும், நடுப் பிட்ச்கள் பெரிய ஆட்டங்களுக்குத் தேயாமல் இருக்கும். கணக்கு சரிதான். திங்கட்கிழமை மழைக்கு அந்தப் பிட்ச் மேல் தரையோடு விரிக்கும் கவர் ஒன்றைப் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை அதை எடுத்துக் காற்றாட விட வேண்டும். சனிக்கிழமை முதல் அணிக்கு முக்கியமான ஆட்டம் என்று இரண்டு நாளும் நடுவில் இருக்கும் ஆறாம் நம்பர் பிட்சிலேயே கிடந்தேன். வியாழன் மதியம் கவரைத் தூக்கினால் அடியில் வெந்த வாடை. புல் வெளுத்து, பூஞ்சை பிடித்து, மேல்மண் சேறாகக் குழைந்திருந்தது. கால் வைத்தால் தடம் விழுந்தது.

பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் செயற்கை விரிப்பு பிட்சுக்கு அனுப்பினார்கள். பேடு கட்டிக்கொண்டே வந்த ஒரு பெண், பன்னிரண்டு வயதிருக்கும், என்னிடம் வந்து, “எங்கள் பிட்ச் தயாராகவில்லையா?” என்று கேட்டாள். எங்கள் பிட்ச். நான் மழைமேல் பழி போட்டேன்.

பெரியவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு பேரும் அந்தப் பிட்சைக் கிளறிக்கொண்டிருந்தபோது நிமிராமலே கேட்டார்: “முதல் அணியின் பிட்ச் என்றால் மறந்திருப்பாயா?”

பதில் இல்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. கை மறக்கவில்லை, மனசு தரம் பிரித்து வைத்திருந்தது. இந்த நாட்டில் அப்படித் தரம் பிரிக்க இடமே இல்லை என்று அப்புறம்தான் விளங்கியது. கேபி லூயிஸ் அயர்லாந்து பெண்கள் அணிக்கு முதலில் ஆடியபோது வயது 13. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அயர்லாந்துக்கு ஆடியவர்கள். ஏமி ஹன்டர் 2021இல் ஜிம்பாப்வேயில், தன் 16ஆவது பிறந்தநாளில், ஆட்டமிழக்காமல் 121 அடித்தார். ஒருநாள் சர்வதேசப் போட்டியில் அவ்வளவு சின்ன வயதில் ஆணோ பெண்ணோ யாரும் சதம் அடித்ததில்லை. வேறு நாட்டில் 13 வயதுப் பிள்ளைகளின் மேட்சுக்கும் தேசிய அணிக்கும் நடுவில் ஆயிரம் படிகள் இருக்கலாம். இங்கே நான் அழுகவிட்ட அந்தப் பிட்சுக்கு அடுத்த படியே அதுவாக இருந்திருக்கலாம். படியே இல்லாவிட்டாலும் என்ன, அது அந்தப் பிள்ளைகளின் வியாழக்கிழமை.

2030 டி20 உலகக் கோப்பையை இங்கிலாந்து, ஸ்காட்லாந்தோடு அயர்லாந்தும் சேர்ந்து நடத்தப்போகிறது. அதற்காக டப்ளினில் நிரந்தர மைதானம் ஒன்று வரப்போகிறது. வரட்டும், ரொம்ப நாளாக வரவேண்டியது. ஆனால் கிளப்களின் ஸ்கொயரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நான் பார்த்த கிராமத்து மைதானங்களில் பெரும்பாலும் ரிட்டயர்டான ஒருவரும் அவருடைய முதுகுவலியும்தான் பார்த்துக்கொள்கின்றன. ஒரு கிளப்புக்கு ஒரு கிரவுண்ட்ஸ்மேனைச் சம்பளம் கொடுத்து வைக்க வழி செய்தால், அது எந்தக் கேலரியையும்விடப் பெரிய காரியம் என்பேன்.

2024 மார்ச் 1. மண்ணில் ரோலர் ஏற்ற முடியாத ஈரம், நல்ல குளிர். கொட்டகைக்குள் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம். என் போனில் அபுதாபி ஸ்கோர். ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 111 அடித்தால் வெற்றி. 13 ரன்னுக்குள் மூன்று விக்கெட் போனது. பெரியவர் கிரீஸ் கையோடு வெளியே போய்விட்டார், பார்க்க முடியவில்லை என்று. கேப்டன் பால்பர்னி நின்று ஆடி 58 அடித்து முடித்தார். எட்டாவது டெஸ்டில் முதல் வெற்றி. ஓடிப்போய்ச் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கொஞ்ச நேரம் கழித்து, “பெண்கள் 2000இலேயே ஜெயித்துவிட்டார்கள், ஆடிய ஒரே டெஸ்டில்” என்றார். ஆமாம், டப்ளின் டிரினிட்டி கல்லூரி மைதானத்தில், பாகிஸ்தானை இன்னிங்ஸ் வித்தியாசத்தில்.

கொட்டகைச் சுவரில் அந்த சீசனுக்கான அட்டவணை, எந்த மேட்சுக்கு எந்தப் பிட்ச் என்று. பாதிதான் நிரப்பியிருந்தோம். அவர் பென்சிலை என்னிடம் நீட்டினார். 13 வயதுப் பெண் பிள்ளைகளின் முதல் ஆட்டத்துக்கு நேரே ஆறு என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டு, “அப்படியானால் ஐந்தாம் தேதியே தண்ணீர் விட வேண்டும்” என்றார்.