ஆறுமணிக் குருவிக்காக ஒரு கயிற்றுத் திரை

பறவைகள் வந்து மோதாமலிருக்க, எங்கள் குடியிருப்பின் கிழக்குப் பக்க மாடிப்படிக் கண்ணாடிக்கு வெளியே, வரிசையாகக் கயிறுகள் தொங்கும் கயிற்றுத் திரை மாட்டி முடித்தாயிற்று. மாட்டிய பிறகு அந்தக் கண்ணாடியில் ஒரு பறவையும் மோதவில்லை. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்டுயிர்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, படம் போட்டுக் காட்டிப் பேசுவதைவிட இந்தத் திரையைச் செய்வதே மேல் என்று பிடிவாதமாக நின்றேன். அது வீண்போகவில்லை. வலசைப் பறவைகள் ஐப்பசி, கார்த்திகையிலேயே வந்து சேர்ந்துவிடுவதால், மார்கழியில் மோதாததை மட்டும் வைத்து முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கோவை மருதமலை அடிவாரத்தில் ஆண்டு முழுவதும் தாழ்வாகவும் வேகமாகவும் பறக்கும் மரகதப்புறாவும் இந்தத் திரையைத் தவிர்த்து விலகிப் போகிறது என்பதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு முன் அந்தக் கண்ணாடியின் உட்பக்கத்தில் பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. இணையத்தில் அதை விற்றவர்கள் "பறவைகள் பயந்து ஓடும்" என்று உத்தரவாதமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பருந்தின் இறக்கைக்கு ஒரு சாண் தள்ளி, மோதிய புறாவின் தடம் கண்ணாடியில் வெண்பொடியாகப் பதிந்திருந்தது. விரிந்த இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. பறவை பருந்துக்கு அஞ்சி விலகுகிறதா என்பது இங்கே பேச்சே இல்லை. கண்ணாடியில் தெரியும் மரத்தை மரமென்றே நம்பி வரும் பறவைக்கு, நடுவில் ஒரு ஸ்டிக்கர் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போக மிச்சக் கண்ணாடி முழுவதும் வெட்டவெளிதான். பிம்பம் வெளிமுகத்தில் விழுவதால், உள்ளே ஒட்டியது பெரும்பாலும் கண்ணுக்கே படுவதில்லை.

அமெரிக்காவின் பறவையியலாளர் டேனியல் க்ளெம் 1970களிலிருந்து இதையே ஆராய்ந்து வருபவர். அடையாளங்கள் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், முழுப் பரப்பிலும், நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். செங்குத்துக் கோடுகளானால் இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சிறு பறவைகளுக்காக 2 அங்குலம் என்று இப்போது இன்னும் இறுக்கிச் சொல்கிறார்கள். அந்நாட்டில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் வரை இறப்பதாக 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அங்கே அகோபியன் பேர்ட்சேவர்ஸ் என்ற பெயரில் புழங்கும் தொங்கு கயிற்று முறையைத்தான் நாங்கள் நம் ஊர்ச் சாமான்களைக் கொண்டு செய்தோம்.

கயிறு தேர்வதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கொடிக்கயிறாக விற்கும் மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்து பொடியாகிவிடும். பருத்தி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே 4 மில்லிமீட்டர் கரும்பச்சை நைலான் கயிறு. ஒப்பணக்காரத் தெருவை ஒட்டிய சந்தில், எடைக்கு விற்கும் கடையில் வாங்கினால் இணைய விலையில் பாதிகூட ஆகாது.

சிக்கலெல்லாம் மேலே கயிறு தொங்கும் அலுமினிய சேனலில்தான். மூன்று மீட்டர் அகலத்துக்குப் பத்துப் பத்து சென்டிமீட்டரில் 31 துளைகள். ஒரு துளையிலிருந்து அடுத்ததை அளந்து அளந்து குறித்துக்கொண்டே போனால் ஒரு மில்லிமீட்டர் பிசகு சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒரு விரற்கடை ஆகிவிடும் என்பதால், டேப்பை ஒரு முனையில் மாட்டிவிட்டு நகர்த்தாமலே எல்லாக் குறிகளையும் போட வேண்டும். இதைப் பிள்ளைகளிடமே விட்டேன்; பெரியவர்களைவிட அவர்கள் பொறுமையாகச் செய்தார்கள். ஆனால் துளையிட்ட பிறகு விளிம்பில் நிற்கும் பிசிறு இருக்கிறதே, அதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. கயிறு நாளெல்லாம் காற்றில் ஆடுவதால், அந்தப் பிசிறு அரம்போல அறுத்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கயிற்றைக் கீழே தள்ளிவிடும். பெரிய ட்ரில் பிட்டைக் கையால் திருகி இருபுறமும் பிசிறெடுத்தும் எனக்கு நிறைவில்லை. விரலால் தடவினால் ஏதோ ஒரு துளை சுருக்கென்றது.

தீர்வு மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைத்தது. சுருளிலிருந்து வெளியே வரும் கம்பிகளுக்குப் போடும் வார்னிஷ் பூசிய கண்ணாடியிழை ஸ்லீவை (குழல் உறையை) இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கிக் கயிற்றில் கோத்து, துளையைச் சற்றே பெரிதாக்கி உள்ளே செலுத்தி, மேலே முடிச்சுப் போட்டோம். முடிச்சு ஸ்லீவின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. கயிற்றின் மேல் அலுமினியம் படுவதே இல்லை. பம்ப்செட் ஊரான கோவையில் இந்த ஸ்லீவுக்குப் பஞ்சமில்லை. வேறு ஊர்க்காரர்கள் மின்சாமான் கடையில் கேட்டுப் பார்க்கலாம். கயிற்று முனைகளை நெருப்பில் காட்டி உருக்குவதும், சாரத்தில் ஏறிச் சேனலைப் பொருத்துவதும் பெரியவர்கள் வேலை.

பாடம் என்று தனியாக ஒன்றும் நடத்தவில்லை. மாலையில் எல்லாரையும் தோட்டத்தில், புதர் உயரத்துக்குக் குனிந்து கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மாமா, உள்ளேயும் ஒரு வேப்பமரம் நிக்குதுங்க" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் மிச்சமில்லை.

அதே கண்ணாடியடியில்தான் கார்த்திகையில் ஓர் ஆறுமணிக் குருவி மயங்கிக் கிடந்தது: பச்சை முதுகு, தோளில் பளீரென்ற நீலம், கண்ணை மூடிச் செல்லும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே நம்மிடமும் இலங்கைக்கும் இரவில் பறந்து வரும் பறவை அது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் வைத்திருந்தோம். பிறகு புதரோரம் திறந்துவிட்டதும் பறந்து போயிற்று. வாயில் தண்ணீர் ஊற்ற ஓடி வந்தவர்களைத் தடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மயங்கிய பறவைக்கு ஊற்றும் நீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். பிழைத்த பறவையைக் கூண்டில் வைத்து வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்பதையும் அன்றே சொல்லிவைத்தேன்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் மண்சட்டிகளையும் இடம் மாற்றியாயிற்று. கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால் பறவை வேகமெடுப்பதற்குள் மோதிக் காயமின்றித் தப்பும். இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். சட்டிகள் இருந்ததோ இரண்டுக்கும் நடுவே, மிக மோசமான தூரத்தில்.

அடுத்தது உடற்பயிற்சிக் கூடம். அங்கே கண்ணாடி தரைவரை இறங்குவதால் கயிறு சரிப்படாது. வெளிப்பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் 2 அங்குல இடைவெளியில் புள்ளி வைக்கலாம் என்று எண்ணம். மார்கழி ஆதலால் புள்ளி வைக்க ஆள் பஞ்சமில்லை. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கு இதே பிள்ளைகளை அழைத்துப் போகவும் பேசியிருக்கிறேன்.

கிழக்குத் திரையில் பாக்கியிருப்பது கீழ்முனை. இப்போதைய காற்றுக்குக் கயிறுகள் தனித்தனியே ஆடித் தாமே நேராகிவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தூண்டில் நரம்பால் குறுக்கே கோத்துவிடலாம் என்றார் ஒருவர். அது பறவையின் காலில் சிக்கும் என்பதால் மறுத்துவிட்டேன். அடியிலும் ஒரு சேனல் வைத்து, ஒன்றுவிட்டு ஒரு கயிற்றை மட்டும் தளர்வாகக் கட்டப்போகிறேன். அதற்கும் ஸ்லீவ் நறுக்கியாகிவிட்டது.