செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவே

மார்ச் 22, 2020, ஞாயிறு, பாளையங்கோட்டை

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் நாலாம் ஞாயிறு. கோவில் மணி அடிக்கவில்லை. ஜனதா ஊரடங்கு என்று எல்லோரும் வீட்டுக்குள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவே கை தட்டியது. எதிர்வீட்டு ஆச்சி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துத் தீர்த்துவிட்டார்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து வேதாகமத்தின் 91ஆம் சங்கீதம்தான். பூப்போட்ட படமாக வருகிறது, பாட்டாக வருகிறது. ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்று அச்சடித்து வாசல் கேட்டில் ஒட்டிய போட்டோவும் வந்தது. எனக்கும் மனப்பாடமான சங்கீதம். அம்மை கண்ட காலத்தில் என் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இந்தச் சங்கீதத்தைச் சுவிசேஷத்தில் எடுத்துச் சொல்லுகிறவன் யார்? பிசாசு. மத்தேயு 4ஆம் அதிகாரம். இயேசுவை தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்கள் உன்னை ஏந்திக்கொள்வார்கள், தாழக் குதி என்கிறான். அதற்கு அவர் சொன்ன பதில் ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக’ என்பது. சங்கீதத்தில் ஒரு குறையும் இல்லை. அதை நம்பிக் குதி என்றானே, அங்கேதான் விஷயம்.

கோவில் திறக்கும் வரை வாராவாரம் குழுவில் ஒரு தியானம் பேசி அனுப்பும்படி சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார். வரலாற்று டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் என்பதால் என் தலையில் விழுந்தது.

மார்ச் 28, சனி

நேற்று ராத்திரி போப் பிரான்சிஸ், ஆளே இல்லாத வத்திக்கான் சதுக்கத்தில் மழையில் ஜெபித்ததை டிவியில் பார்த்தோம். 1522இல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகச் சுமந்து போன மரச்சிலுவையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இருந்தாலும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுதான் பார்த்தார்.

நான் தியானத்துக்கு எடுத்தது அதற்கு ஐந்து வருஷம் பிந்திய சங்கதி. 1527 ஆகஸ்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் பிளேக். பல்கலைக்கழகத்தையே யேனா ஊருக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தரையும் போகச் சொன்னார்கள், அவர் போகவில்லை. மனைவி கத்தரீனா அப்போது கர்ப்பிணி. கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்று பிரெஸ்லாவ் ஊர்ப் போதகர் யோகான் ஹெஸ் ஏற்கெனவே கேட்டிருந்தார். அதற்கு லூத்தர் எழுதிய பதில் கடிதம் நன்றாகவே நீளம்.

சுருக்கம் இதுதான். போதகர், அதிகாரி, மருத்துவர் என்று பொறுப்பில் இருப்பவர்கள் விட்டுவிட்டு ஓடக்கூடாது. மற்றவர்கள், தங்களை நம்பியிருக்கும் அயலானுக்கு வேறு துணை இருந்தால் போகலாம், பாவமில்லை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது, வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து சாப்பிடுவேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன், என்னால் ஒருவனுக்கும் தொற்றக்கூடாது என்கிறார். அயலானுக்கு நான் தேவைப்பட்டால் மட்டும் எங்கேயும் போவேன் என்கிறார். மருந்தே வேண்டாம், தேவன் காப்பார் என்று திரிகிறவர்களைத் தேவனைச் சோதிக்கிறவர்கள் என்று கடிந்துகொள்கிறார்.

சென்னையிலிருந்து மகள் பேசினாள். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கொரோனா வார்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாளாம். ‘அம்மா, நீ பேசினதைக் கேட்டேன், நல்லா இருந்தது’ என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு எதிராக நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ஏப்ரல் 4, சனி

மேலப்பாளையத்தை அடைத்துவிட்டார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம். டில்லியில் நடந்த தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போய் வந்த முஸ்லிம்களால்தான் எல்லாம் என்று குழுவில் ஒரு அக்கா ஒரு வீடியோவைப் போட, வரிசையாக ஆமென் விழுந்தது. ஆமென்!

இந்த வாரம் வேதபாடத்தை ஒதுக்கிவைத்து நேராகச் சரித்திரமே பேசினேன். கறுப்பு மரணம் என்ற பிளேக் ஐரோப்பாவில் பரவியபோது, யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று கிறிஸ்தவர்கள் சொன்னார்கள். 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். அன்றைக்கு அந்த ஊருக்குள் நோய் வந்துகூடச் சேரவில்லை. போப் ஆறாம் கிளமெண்ட் முந்தின வருஷமே, யூதர்களும்தானே இந்த நோயில் சாகிறார்கள், பிறகு எப்படி அவர்கள் காரணமாவார்கள் என்று ஆணை எழுதி அனுப்பியிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. நம்முடைய ஆட்கள் ஜெபம் பண்ணிவிட்டுச் செய்த காரியம் இது என்று சொல்லி முடித்தேன்.

ஆமென் ஒன்றும் வரவில்லை. அந்த அக்கா வீடியோவை எடுத்துவிட்டார். அது போதும்.

ஏப்ரல் 9, பெரிய வியாழன்

யாத்திராகமம் 12 வாசித்தோம். ‘உங்களில் ஒருவரும் விடியற்காலம்வரைக்கும் வீட்டுவாசலை விட்டுப் புறப்படவேண்டாம்’ என்ற இடத்தில் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

லேவியராகமத்தில் நோய் கண்டவனை ஏழு நாளும் மறுபடி ஏழு நாளும் அடைத்துவைக்கச் சொன்னதையும், வாயை மூடச் சொன்னதையும் காட்டி, வேதம் அன்றைக்கே குவாரண்டைனையும் மாஸ்கையும் சொல்லிவிட்டது என்று ஒரு பார்வர்டு சுற்றுகிறது. எனக்கு அதில் ருசியில்லை. அது தோல் வியாதியைப் பற்றிய சட்டம். அதில் எனக்குப் பிடித்தது வேறு: பாளயத்துக்கு வெளியே அனுப்பப்பட்டவனைப் பார்க்க ஆசாரியன் வெளியே போகவேண்டும் என்று 14ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அதை யாரும் பார்வர்டு பண்ணுவதில்லை.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை செல்போனில். நெட் போய்ப்போய் வந்தது. கதவுகள் பூட்டியிருக்கையில் சீஷர்கள் நடுவே வந்து நின்றார் என்ற யோவான் 20 வசனத்தைக் குழுவில் எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் பேப்பரைப் பார்த்து வயிறு எரிந்துபோனது. சென்னையில் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் கொரோனாவில் இறந்திருக்கிறார். கிறிஸ்தவர். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணவிடாமல் கூட்டம் கூடித் தடுத்திருக்கிறது. அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் கல்லும் கட்டையும் பறந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்து டிரைவருக்கு ரத்தக்காயம். கடைசியில் கூட வேலை பார்த்த மருத்துவ நண்பர் ஒருவர், வார்டு ஊழியர்களை மட்டும் வைத்துக்கொண்டு ராத்திரியில் தன் கையால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியிருக்கிறார்.

வேலை ஓடவில்லை. எண்ணாகமம் 16ஐ எடுத்து உட்கார்ந்தேன். ஜனங்கள் கூட்டம் கூடி மோசேயையும் ஆரோனையும் பார்த்து, கர்த்தரின் ஜனங்களைக் கொன்றவர்கள் நீங்கள்தான் என்கிறார்கள். வாதை தொடங்குகிறது. அப்போது ஆரோன் தூபகலசத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சபையின் நடுவில் ஓடுகிறான். பிரதான ஆசாரியன் பிணத்தின் அருகில் போகக்கூடாது, பெற்ற தகப்பனே செத்தாலும் போகக்கூடாது என்பது சட்டம். அவன்தான் ஓடுகிறான், தன்னைக் கொலைகாரன் என்றவர்களுக்காக. ‘செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவே நின்றான், அப்பொழுது வாதை நிறுத்தப்பட்டது.’ அதற்குள் செத்தவர்கள் 14,700 பேர்.

அந்த வாதை கர்த்தருடைய கோபத்தால் வந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. நான் அதை மறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தைச் சொன்ன அதே வேதம், அடுத்த வரியில் ஒரு ஆளை ஓடவிடுகிறது. இன்றைக்கு ஓடுகிறவர்கள் மேல் கல் விழுகிறது.

இந்த வாரத் தியானம் இதுதான். பேசும்போது குரல் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மே 17, ஞாயிறு

யூடியூபில் ஒரு ஊழியக்காரர் கொரோனா ஏன் வந்தது என்று பட்டியல் போடுகிறார். சினிமா, விக்கிரகம், பெண்களின் உடை. வீட்டுக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, ‘இதில் நம்மாள் காணிக்கைக் கணக்கு வரலையே’ என்றார்.

2 சாமுவேல் 24இல் ஜனத்தொகை எடுத்த ராஜா தாவீதால் 70,000 பேர் கொள்ளைநோயில் சாகிறார்கள். அவன் அர்வனாவின் களத்தருகே நின்று, நான்தான் பாவம் செய்தேன், இந்த ஆடுகள் என்ன செய்தன என்று கேட்கிறான். தாவீது ‘நான்தான்’ என்றான். இவர் ‘அவர்கள்தான்’ என்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொன்ன பிறகும் இந்தப் பட்டியல் நிற்கவில்லை.

இதே குழப்பம் பழசுதான். 250களில் ரோமப் பேரரசு முழுக்க ஒரு கொள்ளைநோய். விசுவாசிகளும் மற்றவர்களைப் போலவே சாகிறார்களே என்று கார்த்தேஜ் சபையில் முணுமுணுப்பு எழுந்தது. பேராயர் சிப்ரியான் அதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொன்னார்: இந்த உலகத்தில் இருக்கும் வரை மாம்சம் எல்லோருக்கும் பொதுதான், பஞ்சம் வந்தால் நமக்கும் பசிக்கும், கப்பல் உடைந்தால் நாமும் முழுகுவோம். அலெக்சாந்திரியாவில் பேராயர் தியோனிசியு எழுதியது இன்னும் ஒரு படி மேலே. சகோதரர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்தார்கள், அந்த நோயையே வாங்கிக்கொண்டு கூடவே செத்தார்கள், அதை இரத்தசாட்சி மரணத்துக்குக் குறையாததாக எண்ணுகிறோம் என்கிறார். ‘அணுகாது’ என்ற வசனம் அவர்கள் கையிலும் இருந்ததுதானே.

மகள் ஒரு வாரம் வார்டு, அடுத்த வாரம் லாட்ஜில் தனிமை என்று இருக்கிறாள். கவச உடைக்குள் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. ‘செத்துப்போறவங்களுக்குப் பக்கத்துல சொந்தக்காரங்க யாரும் வர முடியலம்மா. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்’ என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

ஜூலை 12, ஞாயிறு

குழுவில் ஒருவரின் மாமனார் போய்விட்டார். யார் வீட்டுக்கும் போக வழியில்லை. ஆறுதல் வசனங்கள் நூற்றுக்கணக்கில் விழுவதைப் பார்த்தபோது, யோபின் சிநேகிதர்கள் வாய் திறக்காமல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்த பகுதி வரைக்கும் எவ்வளவு நல்லவர்கள் என்று தோன்றியது. போன் பண்ணி, அவர் அழுது முடிக்கும் வரை வைக்காமல் இருந்தேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்று அரசு சொல்லிவிட்டது. இன்று ஆராதனை. பெஞ்சுக்கு இரண்டு பேர், வாசலில் சானிடைசர், கீர்த்தனை மாஸ்குக்குள்.

திருவிருந்துதான் பெரிய தகராறு. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பது எங்கள் வழக்கம். கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பாட்டி, ‘கர்த்தர் கொடுக்கிற பாத்திரத்துல நோய் வருமா?’ என்று கேட்டுவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. போதகர் ஐயர் என்னைப் பார்த்தார். வியாதிப்பட்ட ராஜா எசேக்கியா ஜெபித்தான், கர்த்தர் கேட்டார், ஆனாலும் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழத்து அடையை எடுத்துப் பிளவையின் மேல் கட்டச் சொன்னாரே பாட்டி என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்போ அப்பத்தை திராட்சரசத்தில் தொட்டுக் கொடுங்க’ என்றார். இன்று அப்படித்தான் நடந்தது.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று அறிவிப்பு. வீட்டுக்காரருக்கு 67. அடுத்த வாரம் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆரோன் பார்வோன் முன்னால் நிற்கும்போதே 83 வயது, வாதைக்குள்ளே ஓடினது அதற்கும் பிறகுதானே என்று என் தியானத்தையே எனக்குத் திருப்பினார்.

‘அவன் தூபகலசத்தோட வேலைக்குப் போனான். நீங்க பெஞ்சுல உட்காரத்தானே போறீங்க? வீட்டிலேயே இருங்க’ என்றேன்.