திருநீறு தின்ற விலை

1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி வெளியான பத்து ரூபாய் வெள்ளி நாணயங்கள் இரண்டு, தாத்தா விட்டுச்சென்ற மரப்பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றும் 15 கிராம். அதில் 80 விழுக்காடு, அதாவது 12 கிராம், வெள்ளி. வெளிவந்த காலத்தில் அந்த வெள்ளியின் விலை பத்து ரூபாயை எட்டவில்லை என்பதால்தான் முகமதிப்புக்கே, அதாவது காசில் பொறித்த பத்து ரூபாய்க்கே, அதைக் கொடுக்க முடிந்தது. 1972-இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு வந்த பத்து ரூபாயோ 22.5 கிராம் கனத்தாலும், அதில் வெள்ளி பாதிதான்.

சேகரிப்பவர்கள் தரும் விலை வேறு கணக்கு. காந்தி நாணயம் இலட்சக்கணக்கில் அச்சடிக்கப்பட்டது. ஆகவே நாணயச்சாலையிலிருந்து வந்த மெருகு குலையாத காசுக்கு மட்டுமே கூடுதல் தொகை கிடைக்கும். என்னிடமிருந்தவற்றில் பளிச்சென்றிருந்ததைத் தேர்ந்தெடுத்து ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக் காந்தியின் கன்னத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "திருநீறு போட்டுத் தேய்த்தீர்களா?" என்று கேட்டார். உண்மைதான். தீபாவளிக்குத் தீபாவளி குத்துவிளக்கோடு சேர்த்து அம்மா அதையும் துலக்கிவைப்பார். கன்னம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள். கண்ணாடியைக் கீழே வைத்தவர், தராசை எடுத்தார்.

கிலோ ஒரு இலட்சம் ரூபாயை வெள்ளி 2024-இல் தாண்டிவிட்டதால், அந்த விலையிலேயே 12 கிராமுக்கு 1,200 ரூபாய் ஆகிறது. உலோக விலை இப்படி ஏறும்போது நல்ல காசுக்கும் தேய்ந்த காசுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. நாணயத்தை உருக்கச் சட்டம் இடம்தராவிட்டாலும் சில காசுகள் பட்டறைக்குப் போகத்தான் செய்யும். எஞ்சியவை அதனால் அரிதாகக்கூடும் என்பது என் ஊகம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1,000 ரூபாய் நாணயத்திலும், 35 கிராமில் 28 கிராம் வெள்ளி என்பதால், உலோகம் முகமதிப்பை விஞ்சி நிற்கிறது.

வைஷ்ணவதேவி உருவம் பொறித்த, வெள்ளியே இல்லாத ஐந்து ரூபாய் நாணயத்துக்கு இலட்சங்கள் கிடைக்கும் என்று சுற்றும் செய்திகள் வெறும் புரளி. பழைய காசு வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

வெள்ளி விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் திரும்பிவிட்டேன். பெட்டியின் அடியில் கிடந்து கறுத்துப்போன மற்றொன்றைத் தனி உறையில் போட்டுவைத்திருக்கிறேன். விளக்கு துலக்கும் நாளெல்லாம் அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.