சிவனொளிபாதத்தில் இருப்பது யாருடைய பாதம்?

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலிருந்து சிவனொளிபாத மலையடிவாரமான நல்லதண்ணிக்குப் போகும் பேருந்து மஸ்கெலியாவைத் தாண்டியதும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து செல்கிறது. 1960களின் இறுதியில் இந்த நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வறட்சி நீண்டு நீர்மட்டம் வெகுவாகத் தாழும்போது, அந்நகரத்தில் இருந்த இந்துக் கோவில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இடிந்த சுவர்கள் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். நாங்கள் சென்ற மாசி மாதத்தில் நீர் அவ்வளவு இறங்கியிருக்கவில்லை. ஆயினும் என் அத்தை, கோவில் இருந்ததாகத் தாம் நினைத்துக்கொண்டிருக்கும் திசையைப் பார்த்து, சன்னல் கம்பிக்கு இடையே கைகூப்பிக் கும்பிட்டார்.

எங்கள் பயணம் சிவனொளிபாத மலைக்கு. 2243 மீற்றர் உயரமுள்ள இம்மலை இலங்கையின் மிக உயர்ந்த மலையன்று. 2524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை இதைவிட உயர்ந்தது. அங்கே யாரும் நேர்த்திவைத்து ஏறுவதில்லை. இதுவோ சுற்றியுள்ள மலைகளிலிருந்து விலகி, கூம்பாக நிமிர்ந்து, பழங்காலத்தில் கடலில் வந்த மாலுமிகளுக்கும் அடையாளமாக நின்றது. உச்சிப் பாறையில் உள்ள சுவடு சைவருக்குச் சிவபெருமானின் திருவடி. பௌத்தருக்குப் புத்தரின் இடது பாதம். இஸ்லாமிய மரபில், சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபியின் காலடி. கிறிஸ்தவர்களில் சிலர் அதை ஆதாமுடையது என்றும் வேறு சிலர் புனித தோமையாருடையது என்றும் கூறியுள்ளனர். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். நான்கு சமயங்கள் ஒன்றுகூடும் மலை என்று பாடசாலைக் கட்டுரைகளில் நாங்கள் எழுதிய வாக்கியத்தைத்தான் சுற்றுலாப் பிரசுரங்களும் எழுதுகின்றன. அவ்வாக்கியம் எனக்கு எப்போதும் சற்று உறுத்தும். ஒரு சுவடு ஒருவருடைய காலாகத்தானே இருக்க முடியும்? நால்வருக்கும் உரியது என்று சொல்லும்போது, நால்வர் சொல்வதையும் நாம் காதில் வாங்கவில்லை என்பதே உண்மை.

இரவு பத்து மணியளவில் ஏறத் தொடங்கினோம். நல்லதண்ணிப் பாதையில் படிகள் ஐந்தாயிரத்துக்கும் மேல் உள்ளன. முதலில் தேயிலை மலைகளுக்கு நடுவே மெதுவாக ஏறும் பாதை, ஜப்பானிய பிக்குகள் அமைத்த சமாதான தாதுகோபத்தைக் கடந்து, சீத கங்குல ஓடையைத் தாண்டிய பின் செங்குத்தாகிறது. அவ்வோடையில் முகம் கழுவாமல் யாரும் மேலே போவதில்லை. புறப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே மச்சம் மாமிசம் தவிர்த்திருந்தார் அத்தை. எங்களுக்கு முன்னே வெள்ளை உடுத்திச் சென்ற சிங்களக் குடும்பமும் அவ்வாறே தவிர்த்திருந்ததைப் பேச்சினிடையே அறிந்தோம். இறங்கி வருவோரும் ஏறிச் செல்வோரும் ‘கருணாவ’ என்று ஒருவருக்கொருவர் அருளை வேண்டிக்கொள்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் பழகிய தம் சிங்களத்தில் அத்தையும் அதே வாழ்த்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் ‘அரோகரா’ என்றார்.

வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் காணிக்கையாக வைக்கிறார்கள். புத்தர் தமது கிழிந்த சீவர ஆடையைத் தைத்துக்கொண்ட இடம் அது என்பது ஐதிகம். கைப்பிடிக் கம்பி நெடுகிலும் வெள்ளை நூல் பனியில் நனைந்து சுற்றிக் கிடந்தது. அத்தையும் ஒரு நூலை எடுத்துச் சுற்றினார். “இது அவங்க வழக்கமாச்சே அத்தை” என்றேன். “கேட்டா குடுக்கப் போறாரு, யாரு சுத்துனா என்ன” என்று முழங்காலில் சித்தாலேப களிம்பு தேய்க்க உட்கார்ந்தார். டப்பாவைப் பக்கத்தில் இருந்த சிங்கள மூதாட்டியிடம் நீட்டினார். அவர் வாங்கித் தேய்த்துக்கொண்டு, வெற்றிலைச் சுருள் ஒன்றை இவரிடம் கொடுத்தார்.

நான் அங்கே இபுன் பதூதாவை நினைத்துக்கொண்டிருந்தேன். மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட அந்த முஸ்லிம் பயணி 1344இல் இம்மலையில் ஏறினார். அவருக்கு வழித்துணை அனுப்பியவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னரான ஆரியச்சக்கரவர்த்தி. ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கச் செல்லும் நான்கு யோகிகளும் மூன்று பிராமணரும் அத்துணையில் இருந்தார்கள். மலையில் ஏறப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகள் பத்து என்று அவர் குறித்திருக்கிறார். பத்தாவதற்கு இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியின் பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடும் அச்சத்தில் அந்த உறுதிமொழியை ஓதத் தொடங்கிவிடுவாராம். மனிதர் ஏன் சமய நம்பிக்கை கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு நேரடியான விடையை எந்த ஆய்வாளரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு, அச்சத்தில் நம்பிக்கை பிறக்கும் என்பது புதிய செய்தியும் அன்று. இஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் எந்திரச் சக்கரத்துக்கு அருகே எங்கள் முன்னோர் ரோதமுனியைக் கும்பிட்டார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போட்டார்கள். தமிழகத்திலிருந்து கப்பலேறியபோது இந்தத் தெய்வங்கள் அவர்களுடன் வரவில்லை. கையை இழுத்துக்கொள்ளக்கூடிய எந்திரமும் காலைக் கிழிக்கக்கூடிய கத்தியும் இங்கேதான் காத்திருந்தன. தெய்வங்களும் இங்கேதான் பிறந்தன. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக்கிலுள்ள துரோபிரியாண்டு தீவுகளில் இதைப் போன்ற ஒன்றைக் கவனித்தார்: அமைதியான உட்கடலில் மீன்பிடிப்போர் மந்திரச் சடங்கு எதுவும் செய்வதில்லை, ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போவோர் விரிவாகச் செய்கிறார்கள். குளவிக் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று அறியாமல் கொழுந்துக் கூடையுடன் மலைக்குள் இறங்குகிறவரிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அச்சத்தோடு இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. அத்தை அஞ்சி வரவில்லை. மகன் ஆபத்தான நோயிலிருந்து பிழைத்து ஆண்டுகள் ஆகிவிட்டன, நேர்த்திக்கடன் மட்டும் பாக்கியிருந்தது. கேட்டது கிடைத்த பிறகும் முழங்கால் வலியோடு படியேற வைப்பது அச்சத்துக்கு நேர் எதிரான ஒன்று. நன்றியைச் செலுத்த ஒரு முகவரி வேண்டும் என்ற தேவை, துன்பத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற தேவையைப் போலவே ஆழமானது என்று எண்ணுகிறேன்.

கோட்பாட்டில் சமயங்கள் ஒன்றல்ல. சைவ சித்தாந்தத்துக்கு உயிரும் இறைவனும் அநாதியானவை. பௌத்தத்துக்கு நிலையான ஆன்மாவும் இல்லை, படைத்தவனும் இல்லை. ஆதம் நபியை நம்புகிறவருக்குப் படைத்தவனை மறுத்தால் எதுவுமே மிஞ்சாது. பொதுத்தளம் இவற்றில் இல்லை. ஆனால் நம்புகிற மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பரிநிர்வாணம் அடைந்த புத்தர் வரம் கொடுப்பவர் அல்லர். எனவே பௌத்த யாத்திரிகர்கள் பாதத்தை வணங்கி, வேண்டுதலை மலையின் காவல் தெய்வமான சமன் தேவனிடம் வைக்கிறார்கள். கோட்பாடு ஒதுக்காத இடத்தைத் தேவை தானே உண்டாக்கிக்கொண்டது. சமயங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம், அவற்றைத் தோற்றுவித்தவர்களின் போதனையைவிட, வழிபடுகிறவர்களின் இத்தகைய ஏற்பாடுகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதைச் சொல்லும்போது உரிமைப் பிரச்சினையை மறைக்கக் கூடாது. சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவி, மலையைச் சைவ ஆண்டிகளின் பொறுப்பில் விட்டான் என்று சிங்கள வரலாற்று மரபு கூறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் அதைப் பௌத்த பிக்குகளிடம் திரும்ப ஒப்படைத்தவன் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். முதலாமவன் சிங்கள அரச குலத்தவன். இரண்டாமவன் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வழியினன். இனத்தையும் சமயத்தையும் ஒரே கயிற்றில் கட்டிப் பேசுவோருக்கு இம்மலையின் வரலாறு வசதியானதன்று. இன்று உச்சியின் நிருவாகம் பௌத்த பிக்குகளிடம் இருக்கிறது. பெயர்ப்பலகைகளிலும் ஒலிபெருக்கியிலும் தமிழின் இடம் குறைவே. இந்தக் குறையைச் சொல்லாமல் ஒற்றுமையை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

உச்சியை அடைந்தபோது விடியவில்லை. கல்லாசனங்களிலும் படிகளிலும் மக்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கு வெளுத்ததும் மேளம் ஒலித்தது. கதிரவன் எட்டிப் பார்த்த கணத்தில் ஒருபுறம் ‘சாது சாது’ என்றும் இன்னொருபுறம் ‘அரோகரா’ என்றும் எழுந்த ஓசைகள் கலந்து, எது எவருடையது என்று பிரிக்க முடியாமற் போயிற்று. எதிர்ப்புறம் திரும்பினால் மலையின் நிழல், துல்லியமான முக்கோணமாகப் பள்ளத்தாக்கின் மேல் விரிந்து கிடந்தது. கூட்டமாகத் திரளும் மனிதர் தம்மைவிடப் பெரிய ஆற்றல் ஒன்றை உணர்கிறார்கள், அதையே தெய்வமென்று கொள்கிறார்கள் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் 1912இல் வாதிட்டார். அந்தக் குளிரில் அவர் பாதிதான் சொன்னார் என்று தோன்றியது. கூட்டம் கலைந்த பின்னும் பாதத்தின் முன் தனியாக நின்று உதடு அசைத்துக்கொண்டிருந்தவர்களை அந்த விளக்கம் தொடவில்லை.

ஏறிய தடவைக்கு ஓர் ஒலி வீதம் மணியடிப்பது இங்கே வழக்கம். அத்தை ஒருமுறை அடித்துவிட்டு, மாமாவுக்காக இன்னொருமுறை அடிக்கலாமா என்று சிங்கள மூதாட்டியிடம் கேட்டார். அவர் ஏறவில்லையே, அடிக்கக் கூடாது என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்ல, அத்தையும் ஒப்புக்கொண்டார்.

இறங்கும் வழியில் தேத்தண்ணி குடிக்க நின்ற கடைக்காரர் தமிழர். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, “புத்தரோ சிவனோ, எல்லாம் ஒண்ணுதானேம்மா” என்றார். அத்தைக்குப் பிடிக்கவில்லை.

“ஒண்ணுன்னா எங்க லயத்து மாரியாத்தாவையே கும்பிட்டுட்டு வீட்டுல இருந்திருப்பேனே தம்பி. இங்க இருக்கிறது சிவன். அந்தம்மாவுக்குப் புத்தர். அவங்க சொல்றத நான் மாத்த முடியுமா, நான் சொல்றத அவங்கதான் மாத்த முடியுமா?”

கடைக்காரர் விடவில்லை, அத்தையும் விடவில்லை. இரண்டாவது தேத்தண்ணி வந்த பிறகும் வழக்கு நடந்துகொண்டேயிருந்தது.