சிவப்பு ஃப்ளாம்பாயன்ட்: பழைய ஃப்ரேமுக்குப் பெயின்ட்

பிப்ரவரி 3

1950களின் பிரிட்டிஷ் சைக்கிள் ஃப்ரேம். ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய், மூட்டுகளில் லக் (குழாய்கள் நுழையும் உறை) வைத்து, பித்தளை போன்ற உலோகத்தை உருக்கி ஊற்றிப் பிரேஸிங் செய்தது. வெயில் பட்ட இடமெல்லாம் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகிவிட்டது. அசல் நிறம் முன்பக்கக் கம்பெனி முத்திரையான ஹெட் பேட்ஜுக்கு அடியில் மட்டும் மிச்சம். பெயின்ட் பெயர்ந்த ஓரத்தை லென்ஸில் பார்த்தால் பிரைமர், அதன்மேல் வெள்ளி, அதற்கும் மேல் ஊடுருவித் தெரியும் சிவப்பு. வெள்ளித்துகள் சிவப்புக்குள்ளேயே மிதந்தால் அது வெறும் மெட்டாலிக், இது ஃப்ளாம்பாயன்ட். வெளிச்சம் சிவப்பைத் தாண்டிப் போய் வெள்ளியில் பட்டுத் திரும்புவதால், சிவப்பின் கனம் கூடினால் நிறமே இருண்டுவிடும்.

சுரண்டுவதற்கு முன் எழுத்துகளின் இடத்தையும் லக் கோடுகளையும் டிரேசிங் பேப்பரில் எடுத்தாயிற்று.

பிப்ரவரி 5

ஜெல் ரிமூவர், பித்தளை பிரஷ். மணல் பிளாஸ்டிங் வேண்டாம். இது பட்டட் குழாய்: முனைகள் தடிப்பு, நடுப்பகுதியின் சுவர் 0.5–0.6 மி.மீ. அளவுக்கு மெலிந்திருக்கும். லக் ஓரத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒட்டியிருப்பது பழைய பிளக்ஸ், பிரேஸிங்கின்போது பூசியது. வெந்நீர்த் துணி சுற்றி ஊறவிட்டால் இளகும். விட்டுவைத்தால் ஈரத்தை இழுத்து, அங்கேதான் பெயின்ட் முதலில் கொப்பளிக்கும்.

பிப்ரவரி 7

எபாக்சி பிரைமர், பிறகு மேற்பரப்பைச் சமமாக்கும் 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) சர்ஃபேஸர். 400, 600, 800 வாட்டர் பேப்பர். பட்டி துருக்குழிகளில் மட்டும். பிரைமர் தடித்தால் லக்கின் கூர் மழுங்கும், ஃப்ரேம் நம்பரும் மூடிப்போகும். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் கூடு) மரைகளுக்கும், ஹெட்செட் கப் (ஹேண்டில் திரும்பும் பேரிங்கின் கிண்ணம்) உட்காரும் வளையத்துக்கும் பெயின்ட் படாமல் அடைப்பு.

பிப்ரவரி 10

வெள்ளி. துகள் மிக நைஸாக இருக்க வேண்டும். பெரிய துகள் போட்டால் கார் பெயின்ட் மாதிரிதான் நிற்கும். கடைசிக் கோட் சற்றுத் தள்ளி நின்று, லேசாக. இதன்மேல் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கக்கூடாது. கீறலும் விரல் ரேகையும் சிவப்புக்கு அடியிலிருந்து கறுப்பாகத் தெரியும்.

பிப்ரவரி 11

சிவப்பு. முதலில் ஒரு துண்டுக் குழாயில் சோதனை. தட்டை அட்டை உதவாது. வளைவில்தான் நிறம் புரியும். வெள்ளி அடித்து, டேப்பை நகர்த்தி நகர்த்தி ஒன்றிலிருந்து ஆறு கோட் வரை படிப்படியாக அடித்து, எல்லாவற்றின் மேலும் கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) போட்டு, பேட்ஜ் அடியில் எடுத்து வைத்திருந்த போட்டோவுடன் வெயிலில் ஒப்பிட வேண்டும். நான்காவது பொருந்தியது.

சாயத்தைக் கிளியரில் குறைவாகவே கலக்கவும். கெட்டியாகக் கலந்து இரண்டே கோட்டில் முடிக்கப் பார்த்தால் வரிவரியாக நிற்கும். 1.0 மி.மீ. நாஸில் உள்ள சின்ன ஸ்ப்ரே கன் போதும்.

பெரிய சிக்கல் சந்திப்புகள். சீட் லக்கிலும் பாட்டம் பிராக்கெட்டிலும் மூன்று நான்கு குழாய்களின் ஸ்ப்ரே வந்து குவிந்து, அந்த இடம் கருஞ்சிவப்பாகிவிடும். எனவே சந்துகளை முதலில் லேசாகத் தொட்டுவிட்டு, பிறகு குழாய்களை அடிக்கும்போது லக்கை நெருங்குமுன் டிரிகரை விட வேண்டும். ஃபோர்க்கைப் பக்கத்திலேயே தொங்கவிட்டு, அதே கலவையில், அதே எண்ணிக்கையில். தனியாக இன்னொரு நாள் அடித்தால் நிறம் சேராது.

வழிந்தால் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. தேய்த்த இடம் வெளிறும். திரும்ப வெள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். டச்-அப் என்பதே இந்த ஃபினிஷில் கிடையாது.

அன்றே 2கே கிளியர் இரண்டு கோட். ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் போதாது, வெளிக்காற்று ஊட்டும் மாஸ்க் வேண்டும்.

பிப்ரவரி 15

1000 பேப்பரில் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்து, டிரான்ஸ்ஃபர் (ஒட்டும்) எழுத்துகள். லக் ஓரத்தில் தங்க நிற இனாமல் கோடு, நீள மயிர் பிரஷ். கையின் சுண்டுவிரலைக் குழாயில் ஊன்றி, லக்கின் விளிம்பையே வழியாக வைத்து இழுத்தால் கோடு அலையாது. பிசகினால் டர்பன்டைன் துணியால் துடைக்கலாம். அடியில் இறுகிய கிளியர் இருப்பதால் சிவப்புக்கு ஆபத்தில்லை.

பிப்ரவரி 22

இனாமல் நன்றாகக் காய்ந்தபின் கடைசிக் கிளியர். முதல் கோட் தூசி போல. ஈரமாக அடித்தால் கோடு சுருங்கிவிடும். வெயிலில் சிவப்பு வெளுப்பதைத் தள்ளிப்போட யு.வி. தடுப்பு உள்ள கிளியர்தான் வாங்கினது. ஹெட்செட் கப் அழுத்துவதற்கு இரண்டு வாரம் ஆகட்டும்; அதற்கு முன் அழுத்தினால் விளிம்பில் பெயின்ட் சில்லாகப் பெயரும்.